எண்ணெய்க்காப்புக் கண்ட மெயின் சுவிட்ச்

மின் இணைப்புப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பியர்க்கும் தங்கையர்க்கும்,

சுவிட்சுகளில் மின்பொறி எழாமல் காப்பது எப்படி என்று எழுதித் தருமாறு உங்கள் நிறுவனத்தார் என்னைக் கேட்டுக்கொண்டனர். முனைத் திருகை எவ்வளவு இறுக்க வேண்டும், எந்தப் பருமனுள்ள கம்பியை எங்கே பூட்டலாம் என்பனவெல்லாம் உங்கள் கையேடுகளில் உள்ளன. நான் எழுதினால் அவற்றைவிடத் தெளிவாக இராது. ஆனால் கையேடு எழுதியவர்கள் ஒருவரைக் கணக்கில் கொள்ளவில்லை. அவர் மாப்பிள்ளையின் அத்தை. நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னர், திருவரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்றில் அவ்வம்மையாரைக் கண்டேன். மின்சுமையோடு இருக்கும் சுவிட்சை எவ்வாறு நிறுத்துவது என்பதை நீங்கள் அவர் வழியாகக் கற்பதே நலம்.

தொட்டியத்தில் வாழைத்தார் வணிகம் செய்யும் மருதமுத்து என்பவரின் புது வீட்டுக்கு நாங்கள் மின் இணைப்புச் செய்து கொடுத்திருந்தோம். அந்த அன்பில் தம் மகள் திருமணத்துக்கு என்னையும், என்னோடு நெடுங்காலம் பணியாற்றிய ஒயர்மேன் சேவியரையும் அழைத்திருந்தார். சேவியர் பாலக்கரைக்காரர். பட்டுவேட்டி உடுத்தினாலும் சட்டைப்பையில் பேனா செருகும் இடத்தில் டெஸ்டரைச் செருகிக்கொள்பவர். காரணம் கேட்டால், "பேனா வச்சிருந்தா யாராச்சும் வாங்கிட்டுப் போயிடறாங்க ஐயா. இதை எவனும் கேக்க மாட்டான்" என்பார்.

காலைப் பந்தியில் இருவரும் அடுத்தடுத்த இலைகளில் அமர்ந்திருந்தோம். பொங்கல் வந்தது. விளக்குகள் ஒருமுறை மங்கி மீண்டன. சாம்பார் வந்தது. மீண்டும் மங்கி மீண்டன. நம் தொழிலில் இருப்பவனுக்குக் கண்சிமிட்டும் விளக்கின் கீழ் பொங்கல் தொண்டையில் இறங்குவதில்லை. மற்றவர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை, ஏனெனில் அவர்கள் உள்ளமெல்லாம் காற்றில் மிதந்து வந்த ஒரு மணத்தில் இருந்தது. நல்லெண்ணெய் காயும் மணம்.

எதிர் வரிசையில் இருந்த பெரியவர் தம் மனைவியின் கையைப் பற்றி, "எழுந்திரிக்காத. முறுக்கு வருது" என்றார்.

"முறுக்கு இல்லைங்க, அதிரசம்" என்று பக்கத்து இலையார் திருத்தினார்.

செய்தி வரிசை வரிசையாகப் பரவிற்று. உண்டு முடித்தவர்களும் இலையை மடிக்காமல் காத்திருந்தனர். பரிமாறுவோரிடம் பலரும் கேட்கவே, சமையல் மாஸ்டர் கரண்டியோடு வெளியே வந்து நின்றார்.

"யாருங்க முறுக்கு கேட்டது? என் அடுப்புல இப்ப எண்ணெய்ச் சட்டியே ஏத்தலைங்க. பலகாரமெல்லாம் நேத்தே முடிஞ்சாச்சு. இலையை மடிங்க, அடுத்த பந்தி நிக்குது!"

சேவியர் என்னைப் பார்த்தார். நான் சேவியரைப் பார்த்தேன். அடுக்களையில் எண்ணெய் காயவில்லை என்றால் வேறு எங்கே காய்கிறது? இருவரும் கை கழுவிவிட்டு மூக்கைப் பின்தொடர்ந்து சென்றோம். அது எங்களை மணமேடைக்கு அடியில் இருந்த சிற்றறையில் கொண்டுபோய் நிறுத்தியது.

அந்த அறையில்தான் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருந்தது. கைப்பிடியை மேலே தள்ளினால் மின்வாரிய மின்சாரமும், கீழே தள்ளினால் ஜெனரேட்டர் மின்சாரமும் மண்டபத்துக்குப் போகும். நடுவில் நிறுத்தினால் இரண்டும் போகா. இரும்புப் பெட்டியின்மேல் சந்தனம் பூசியிருந்தது. புதுச் சந்தனத்தின் அடியில் பழைய சந்தனம், அதன் அடியில் அதனினும் பழையது. கைப்பிடியில் சாமந்தி மாலை. உள்ளிருந்து வெங்காயம் வதங்குவது போன்ற ஓசை. கதவிடுக்கில் நீலநிற ஒளி துடித்துத் துடித்து மறைந்தது.

அதுதான் மின்வில். இணைப்பு தளர்ந்த இடத்தில் சூடு பிறக்கும். சூட்டினால் இணைப்பு மேலும் தளரும். இறுதியில் மின்சாரம் இடைவெளியைத் தாவிக் குதித்தே கடக்கும். அந்தத் தாவலின் வெம்மையில் செம்பும் உருகும். இந்தப் பெட்டியைச் சுற்றிலும் அலங்காரத் துணிச் சுருள்கள், தெர்மாகோல் தாமரைகள், உடைந்த தெர்மாகோல் அன்னப்பறவை ஒன்று. தலைக்கு மேலே மரப்பலகையால் ஆன மேடை. அதன்மேல் மாப்பிள்ளை அமர்ந்து ஐயர் சொல்வதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மண்டபத்து மேலாளர் வரதன் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். திருமண் துலங்கும் நெற்றி, கனிந்த முகம். பெட்டியை நாங்கள் வியந்து நோக்குவதாக எண்ணிவிட்டார்.

"நித்யப்படி நான்தான் சாத்தறேன் ஸ்வாமி. ஆயுதபூஜைக்கு மட்டும் பண்ணினா போறுமா? ஒவ்வொரு விவாகத்துக்கும் முன்னாடி இதுக்கு ஒரு ஆராதனை. அதனாலதான் இந்த மண்டபத்துல கரண்ட் போனதே இல்லை."

உள்ளே ஏதேனும் செய்தீர்களா என்று வினவினேன்.

"வெளியில மட்டும் சாத்தினா மனசு ஒப்பலை. போன மாசம் பராமரிப்புக்குன்னு ஊர் முழுக்கக் கரண்ட் நிறுத்தினாளோன்னோ? அன்னிக்குக் கதவைத் திறந்து உள்ளேயும் சந்தனம், குங்குமம் சாத்தினேன். கைப்பிடி இறுகிக் கிடந்தது. நல்லெண்ணெய்க் காப்பும் ஆச்சு."

"எவ்வளவு எண்ணெய்ங்க?" என்றார் சேவியர்.

"கொஞ்சம்தான். ஒரு உழக்கு."

மின்சாரம் நிறுத்தப்பட்ட நாளில் கதவைத் திறந்தார் என்ற ஒன்றில் மட்டும் அவர் நம் விதிப்படி நடந்திருந்தார். அதனால்தான் கிண்ணத்தோடு எங்கள் முன் நின்றார். எஞ்சியவை அனைத்தும் நம் விதிகளுக்கு நேர்மாறானவை. முனைகளுக்கு இடையே உள்ள பீங்கான் உலர்ந்து தூய்மையாக இருக்கும்வரைதான் அது காவல். ஈரச் சந்தனமும் குங்குமமும் எண்ணெயும் தூசும் சேர்ந்து கரிந்தால் அதுவே மின்சாரத்துக்கு நடைபாதை ஆகிவிடும்.

நான் இதனை அவருக்குச் சுருக்கமாகக் கூறினேன். அவர் முகம் வெளிறியது. "அபசாரம்! இதோ அணைச்சுடறேன்" என்று சந்தனம் தோய்ந்த கையோடு கைப்பிடியை நோக்கிப் பாய்ந்தார்.

சேவியர் அவரைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டி அப்படியே தூக்கினார். சந்தனக் கிண்ணம் உருண்டது. வரதனின் கால்கள் காற்றில் நடந்தன.

"விடும் ஓய்! என்ன இது, பிரம்மோத்ஸவமா?"

"தொட்டா உங்களுக்குத்தான் உற்சவம் சாமி. வெளிய வாங்க."

தம்பியரே, தங்கையரே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். ஆபத்தைக் கண்டதும் மெயினை நிறுத்து என்பதே எல்லோரும் அறிந்த அறிவுரை. நல்ல சுவிட்சுக்கு அது பொருந்தும். உள்ளே கரிந்து, பொறி பறக்கும் சுவிட்சின் கைப்பிடியை முழுச் சுமையோடு இழுத்தால், பிரியும் முனைகளுக்கிடையே அந்த நீல வில் நீண்டு வளைந்து, உருகிய செம்பை இழுத்தவர் முகத்திலேயே உமிழக்கூடும். ஆகவே முதலில் சுமையை இறக்க வேண்டும். குளிர்சாதனம், கிரைண்டர், பெருவிளக்குகள் என ஒவ்வொன்றாக நிறுத்தி, சுவிட்ச் வழியே ஓடும் மின்சாரத்தை வடித்துவிட்டு, அதன் பிறகே கைப்பிடியைத் தொட வேண்டும்.

இதனைத் தாளில் எழுதுவது எளிது. திருமண மண்டபத்தில் ஒவ்வொரு சுமைக்கும் ஓர் உடையவர் இருக்கிறார். அவருக்குத் தன்மானமும் இருக்கிறது.

கதவருகே சேவியரைக் காவல் நிறுத்திவிட்டு மருதமுத்துவைத் தேடிச் சென்று செய்தியைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"மெல்லப் பேசுங்க சார். இப்பப் போயி கரண்டை நிறுத்தணும்னா எப்படிங்க? மாப்பிள்ளையோட அத்தை இருக்கே, அதைத் தெரியுமா உங்களுக்கு? நிச்சயத்தன்னிக்குத் தேங்காய் கோணலா உடைஞ்சதையே இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கு. தாலி கட்டுறப்ப லைட்டு போச்சுன்னா என் பொண்ணை ஆயுசு பூரா குத்திக் காட்டும் சார். அது வாயிக்கு அந்த வீட்டுல மறுபேச்சே கிடையாது."

அவருடைய அச்சம் வீண் அச்சமன்று. தீயும் மெய், அத்தையும் மெய். எனினும் தீ காத்திருக்காது என்று சொல்லிவிட்டு நானே சுமை இறக்கப் புறப்பட்டேன்.

பெருவிளக்குகளோடு நின்ற வீடியோக்காரரிடம் தளர்ந்த இணைப்பில் மின்சாரம் எவ்வாறு வெப்பமாக மாறுகிறது என்பதை எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகத் தலையசைத்துக் கேட்டார். முடிந்ததும், "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பொண்ணு வர்ற ஷாட்டுல நீங்க விழுறீங்க" என்றார். அடுக்களைக்குச் சென்றேன். "சட்னி பாதியில நிக்குதுங்க. நிறுத்தினா தேங்காய் திப்பியாப் போயிடும். முறுக்குன்னு ஏற்கெனவே பேரைக் கெடுத்துட்டீங்க" என்றார் மாஸ்டர். மணமக்கள் பெயரை மின்னவைத்த எல்.இ.டி. திரையை இயக்கியவர், மாமனார் சொன்னால்தான் நிறுத்துவேன் என்றார். மாமனார் தூணுக்குப் பின்னாலேயே இருந்தார். என் சொல்லாற்றல் அனைத்தையும் செலவிட்டு நான் நிறுத்திய ஒரே பொருள், கை கழுவும் இடத்தில் ஓடிய மின்விசிறி. திரும்பி வரும்போது அதையும் எவரோ போட்டிருந்தார்.

மாப்பிள்ளை அறைக்கு முன் அந்த அத்தை நின்றிருந்தார். அரக்குப் பட்டு, காது நிறையத் தோடு, கையில் குளிர்சாதனத்தின் ரிமோட்.

"ஏசியை நிறுத்தச் சொல்லி ஒருத்தர் சுத்திக்கிட்டு இருக்காராமே, நீங்கதானா? எதுக்கு நிறுத்தணும்? கல்யாண நேரத்துல அது என்ன சகுனம்?"

தூணுக்குப் பின்னாலிருந்து மருதமுத்து, ஏதாவது பொய் சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினார். பொய் சொன்னால் அத்தை ரிமோட்டைத் தரமாட்டார். மெய்யை விளக்கினால் வீடியோக்காரரைப் போலவே தலையசைப்பார். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இதுவரை ஒருவருக்கும் நான் அந்தப் பெட்டியைக் காட்டவே இல்லை. சொற்களை மட்டுமே காட்டியிருந்தேன்.

ஒரு நிமிடம் உடன் வருமாறு வேண்டினேன். வந்தார். அறை வாசலுக்கு வெளியிலேயே அவரை நிறுத்தி, அங்கிருந்தே நோக்கச் சொன்னேன். பெட்டி சடசடத்தது. நீல ஒளி துடித்தது. கதவிடுக்கிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் புகைந்தபடி கீழே இறங்கிற்று.

அவர் மூக்கை உறிஞ்சினார். "நல்லெண்ணெயா?"

ஆம் என்றேன்.

"இதுக்கு மேலதான் எங்க மருமவன் உக்காந்திருக்கானா?"

அதற்கும் ஆம் என்றேன்.

அவர் உடனே ரிமோட்டை அழுத்தினார். முந்தானையை இடுப்பில் செருகினார். பிறகு மண்டபத்துக்குள் நுழைந்தார். அதுவரை நான் கண்ட தொழில்நுட்ப வல்லுநர் எவரும் அவ்வளவு விரைவில் சுமை இறக்கியதில்லை.

"ஏப்பா படம் புடிக்கிறவரே, உங்களுக்குப் படத்துல உசுரோட ஆளுங்க வேணுமா வேணாமா? அணை அதை!"

"ஷாட்டும்மா..."

"மூஞ்சியில அடிக்கிற வெளிச்சத்துல எனக்கே நான் யாருன்னு தெரியலை. அணை!"

அடுக்களையிலிருந்து அவர் குரல் மேலும் உரக்க வந்தது. "சட்னி நின்னாப் போகுது. பொடியும் எண்ணெயும் வையி. என்னது, எண்ணெயா? அதைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது, வெறும் பொடியை வையி!" எல்.இ.டி. திரையில் மின்னிக்கொண்டிருந்த மணமக்கள் பெயர் மறைந்தது. கூடத்துக் குளிர்சாதனங்கள் ஓய்ந்தன. இறுதியாக மணமகள் அறைக் கதவைத் தட்டி, முடி உலர்த்தும் கருவியை நிறுத்தச் சொன்னார்.

உள்ளிருந்து மணமகள், "அப்பவே நிறுத்திட்டேன் அத்தை. லைட்டு மங்கி மங்கி எரிஞ்சுது. ஏதோ சரியில்லைன்னு எல்லாப் பிளக்கையும் புடுங்கி வச்சிட்டேன்" என்றாள்.

அத்தை திரும்பி மண்டபத்தை நோக்கினார். "இத்தனை ஆம்பளைங்க உக்காந்து முறுக்கு வருது முறுக்கு வருதுன்னு காத்துக்கிட்டு இருந்தீங்களே. இந்தப் பொண்ணு ஒருத்திக்குத்தான் இங்க மூளை இருக்கு."

தூணுக்குப் பின்னாலிருந்து மருதமுத்துவின் தலை சற்று வெளியே வந்தது.

அறையில் ஓசை குறைந்துகொண்டே போயிற்று. வெங்காயம் வதங்கும் ஓசை கடுகு வெடிக்கும் ஓசையாயிற்று. பின்னர் மெல்லிய சீறல் மட்டுமே. சேவியர் தம் ஸ்கூட்டரிலிருந்து பையைக் கொண்டுவந்து, ரப்பர்க் கையுறை அணிந்து, உலர்ந்த பலகைமேல் ஏறினார். பெட்டிக்கு நேர்முன்னே நில்லாமல் பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கைப்பிடியை நடுநிலைக்குத் தள்ளினார். ஒரு சிறு "டப்" ஒலி மட்டுமே எழுந்தது. மீட்டர்ப் பலகையின் பியூசுகளைப் பிடுங்கி வந்து என்னிடம் கொடுத்தார். ஜெனரேட்டர் சாவியைத் தம் மடியில் முடிந்துகொண்டார். பியூசுக்கு முன்னால் மின்சாரம் இருக்கும் இடத்தில் டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று பார்த்தார். எரிந்தது. அதன் பிறகே பெட்டியின் முனைகளில் வைத்துப் பார்த்தார். எரியவில்லை. பழுதான டெஸ்டரும் எரியாது என்பதை மறந்தவர்கள் பலர், ஆகவே இவ்வரிசையை மறவாதீர்கள்.

திறந்து பார்த்தோம். ஒரு முனைத் திருகு தளர்ந்து, அதில் பூட்டிய கம்பியின் உறை அப்பளம் போல் பொரிந்திருந்தது. பீங்கானில் குங்குமம் கரிக்கோடாக மாறியிருந்தது. உலர்ந்த துணியால் துடைத்தோம், சுரண்டினோம், கரிந்த நுனியை வெட்டிப் புதிதாகப் பூட்டி இறுக்கினோம். எனினும் மூலைகளில் எண்ணெய் கசிந்துகொண்டே இருந்தது. ஓர் உழக்கு எண்ணெய் என்பது உண்மையில் மிகுதியான எண்ணெய்.

அப்போது வரதன் ஓடிவந்தார். "லக்னம் வந்துடுத்து ஸ்வாமி. கரண்ட் போட்டுடலாமா?"

பின்னாலேயே மருதமுத்து. "சரி பண்ணிட்டீங்கள்ல சார்? ஏசி வேணாம், ஒண்ணும் வேணாம். மைக்கும் மேடைக்கு ரெண்டு லைட்டும் மட்டும் குடுங்க. தாலி கட்டுற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு."

சேவியரும் என் காதருகே, "லைட்டு லோடு தாங்கும்னுதான் தோணுது ஐயா" என்றார்.

எனக்கும் அவ்வாறே தோன்றியது. தாங்கியும் இருக்கலாம். ஆனால் கரிக்கோட்டின்மேல் எண்ணெய் மின்னுவதை என் கண் கண்டது. மேலே பலகையில் மாப்பிள்ளை அசைந்து அமரும் ஓசையை என் காது கேட்டது. இயலாது என்றேன். எண்ணெய் முற்றும் நீங்கி, பெட்டியை மின்கசிவு காட்டும் மெகர் கருவியால் சோதிக்கும்வரை போடலாகாது என்றேன்.

மருதமுத்து இரு கைகளையும் குவித்தார். "என் பொண்ணு கல்யாணம் சார். இருட்டுல நடந்துச்சுன்னு பேராயிடும் சார்."

இளையோரே, பணியில் எனக்கு உண்மையான நெருக்கடி மின்வில் துடித்தபோது வரவில்லை. அதற்குச் செய்யவேண்டியது தெரிந்திருந்தது. அந்தக் குவிந்த கைகள்தாம் நெருக்கடி. எந்தச் சுவிட்சும் என்னை அவ்வாறு கெஞ்சியதில்லை. நான் மீண்டும் இயலாது என்றேன்.

"யாரு சம்பந்தி இருட்டுன்னது?"

வாசலில் அத்தை. எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ தெரியாது.

"சன்னலை மறைச்சுக் கட்டியிருக்கிற அந்தச் சோப்பு நிறத் துணியை அவுத்து விடச் சொல்லுங்க. வெளிய வெயிலு கொளுத்துது. எனக்குக் கல்யாணம் ஆனப்ப பச்சைமலையில எங்க ஊருக்கு கரண்டுக் கம்பமே வரலை. பட்டப்பகல்ல, அம்புட்டு வெளிச்சத்துல, எங்க வீட்டுக்காரரு தாலியைத் தலைகீழாப் புடிச்சாரு. வெளிச்சத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

வரதனால் அடங்க முடியவில்லை. "இருந்தாலும் மங்கள காரியத்துல தீபம் அணையறது..."

"மேடையில குத்துவிளக்கு எரியுதுல்ல சாமி?"

"எரியறது."

"அதுக்கு ஊத்துங்க உங்க எண்ணெயை. எண்ணெய் கேட்டு எரியறது அது ஒண்ணுதான்." பிறகு மருதமுத்துவை நோக்கி, "நான் சொல்லித்தான் எல்லாத்தையும் அணைச்சாங்க. எவனாச்சும் சகுனம் பேசினா என்கிட்ட வரச் சொல்லுங்க. வாங்க சம்பந்தி, பொண்ணுக்கு அப்பன் இல்லாம எப்படித் தாலி கட்டுறது" என்று அவரை முன்னால் விட்டு நடத்திச் சென்றார். மருதமுத்து வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார்.

நாங்கள் போகவில்லை. திறந்து வைத்த சுவிட்சைத் தனியே விட்டு அகலக்கூடாது. நல்லெண்ணம் படைத்த எவரேனும் ஒருவர், ஐயோ அணைந்திருக்கிறதே என்று இரக்கப்பட்டுப் போட்டுவிடுவார். அந்த மண்டபத்தில் நல்லெண்ணத்துக்குக் குறைவே இல்லை என்பதைத்தான் முன்னரே பார்த்தோமே. சன்னல் துணிகள் விழும் ஓசையும், "அப்பாடா, காத்து வருது" என்ற குரல்களும் கேட்டன. ஒலிபெருக்கி இல்லாத நாகசுரம் எங்கள் தலைக்கு மேலேயே ஒலித்தது. வரதன் விரைந்து வந்து எங்கள் உள்ளங்கைகளில் மஞ்சளரிசி வைத்துவிட்டு ஓடினார்.

கெட்டிமேளம் முழங்கியது.

"கட்டிட்டாங்க ஐயா!" என்றார் சேவியர், அரிசிக் கையை ஓங்கியபடி. "அட்சதை போடணுமே, எந்தப் பக்கம் போடறது?"

மணமக்கள் பெட்டிக்கு நேர் மேலே இருந்தனர். பெட்டியின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே பாதி துடைத்த எண்ணெய். அவர் கையில் ஈர மஞ்சளரிசி. நான் பாய்ந்து கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகை வைத்து, இரு கைகளையும் விரித்து நின்றுகொண்டு, இப்போது போடுங்கள் என்றேன்.

சேவியர் கண்களை மூடி, உதடு அசைய வாழ்த்தி, முழுக் கையையும் வீசினார். அத்தனையும் என் தலையிலும் தோளிலும் விழுந்தன. பெட்டிக்குள் ஒரு மணிகூடப் போகவில்லை.